பரிந்துரைப்பவர் யார்?

(நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மத்ரஸாவில் ஓதி வந்த ஓர் இமாம், வணிக மேலாண்மைப் படிப்பு குறித்து என்ன பேசிவிட முடியும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஜிமேட் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது, எந்தப் பள்ளியில் எவ்வளவு கட்டணம் என்பனவற்றை நமக்கு முன்பு பேசிய சகோதரர்கள் விளக்கிவிட்டார்கள். கல்விக் கடனும் வட்டியும் பற்றிய கேள்வியை இன்று எழுப்ப வேண்டாம். அதற்குத் தனியே ஓர் அமர்வு வேண்டும். நம்மிடம் வந்து சேரும் விஷயம் வேறொன்று. அது கடிதம்.

முன்பெல்லாம் திருமணப் பதிவுக்கும், உதவித் தொகைக்கும், வெளியூர் மஹல்லாவில் குடியேறுவதற்கும் பள்ளிவாசலின் கடிதத்தைக் கேட்டு வருவார்கள். இப்போது சில ஆண்டுகளாக, "ஹஜ்ரத், பையன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிக்கிறான், பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டுமாம், ஒன்றை நீங்கள் தாருங்கள்" என்று பெற்றோர்கள் வருகிறார்கள். அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை நாம் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு நன்மை விளையாது. எழுதாமல் அனுப்பியதில் சிலருக்கு நம்மீது வருத்தமும் உண்டு. அதன் காரணத்தை இந்தச் சபையில் விரிவாகவே சொல்லிவிட விரும்புகிறோம்.

நம் நாட்டில் 'நன்னடத்தைச் சான்றிதழ்' என்று ஒன்று உண்டு. கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர், இன்னாரைத் தமக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியும், இவர் நல்லொழுக்கம் உடையவர் என்று இரண்டு வரிகளில் எழுதி முத்திரையிட்டுத் தருவார். அதில் கனம் முழுவதும் முத்திரையில் இருக்கிறது. எழுதுபவர் எவ்வளவு உயர்ந்த பதவியில் இருக்கிறாரோ அவ்வளவு நல்லது. நம்மவர்கள் பரிந்துரைக் கடிதத்தையும் இதே கண்ணோடு பார்க்கிறார்கள். ஆகவேதான் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், கல்லூரித் தாளாளர், பெரிய நிறுவனத்தின் சேர்மன் என்று மேலே மேலே தேடுகிறார்கள்.

ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் வளாகம் கொண்ட இன்சியாட் ஆகியவை இரண்டு பரிந்துரைகளைக் கேட்கின்றன. ஒன்றோடு திருப்தியடையும் பள்ளிகளும் உண்டு. அவை எவையும் முத்திரையைத் தேடவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பள்ளி, இரண்டில் ஒன்று விண்ணப்பதாரரின் இப்போதைய நேரடி மேலதிகாரியிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. எம்.ஐ.டி. ஸ்லோன் பள்ளி, பணிபுரியும் நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தையே அனுப்பச் சொல்லி, அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், பரிந்துரைப்பவர் எங்கே இருக்கிறார் என்று குறிக்கச் சொல்கிறது. உங்களுக்கும் அவருக்கும் இடையே ஐந்து படிகள் இருந்தால் அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனி அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு, பல பள்ளிகளுக்குப் பொதுவாகப் பயன்படும் ஒரு பரிந்துரைப் படிவத்தை வகுத்திருக்கிறது. அதில் மூன்று கேள்விகள் முக்கியமானவை. விண்ணப்பதாரரோடு உங்கள் பழக்கம் எத்தகையது, அவருடைய பொறுப்பு என்ன என்பது முதலாவது. அதே போன்ற பொறுப்பில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, சான்றுகளோடு சொல்லுங்கள் என்பது இரண்டாவது. இவருக்கு நீங்கள் சொன்ன திருத்தங்களில் முக்கியமானது எது, எந்தச் சூழ்நிலையில் சொன்னீர்கள், அதை இவர் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் என்ன பதில் எழுதுவார்? நாம்தான் என்ன எழுத முடியும்? ஐவேளைத் தொழுகைக்கு வருகிறார், ரமளானில் கஞ்சி காய்ச்சும் பணியில் ஒத்தாசை செய்கிறார் என்று எழுதலாம். அவை உண்மை, நற்செயல்கள். ஆனால் அவர்கள் கேட்டது அதுவன்று.

இந்த இடத்தில் உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் ஒரு செய்தி நம் நினைவுக்கு வருகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஒருவர் மற்றொருவருக்காக நற்சாட்சி சொல்ல முன்வந்தார். நீர் இவருடைய அண்டை வீட்டாரா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள், இல்லை என்றார். இவருடன் பயணம் செய்திருக்கிறீரா என்றார்கள்; இல்லை. இவருடன் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா என்றார்கள்; அதுவும் இல்லை. அப்படியானால் பள்ளிவாசலில் இவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர். உமக்கு இவரைத் தெரியாது என்ற கருத்தில் சொல்லி, அவரை அறிந்த வேறொருவரை அழைத்துவரச் சொன்னார்கள். பள்ளிவாசலின் இமாம் என்ற முறையில் இந்தச் செய்தி நமக்கே சொல்லப்பட்டது போல் இருக்கிறது. நாம் உங்கள் பிள்ளைகளைப் பள்ளிவாசலில் பார்த்திருக்கிறோம். அலுவலகத்தில் பார்த்தவர் வேறொருவர். அவரிடம் செல்லுங்கள்.

ஹதீஸ் கலையிலும் இதற்கு ஒப்பான ஓர் ஆய்வு உண்டு. ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியர் பெயரைச் சொல்லி அறிவித்தால், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள், சந்தித்திருக்க வாய்ப்பிருந்தது என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ இருவரும் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்றார்கள். பரிந்துரையைப் பொறுத்தவரை வணிகப் பள்ளிகள் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் கட்சியில் இருக்கின்றன என்று நாம் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரே நிறுவனத்தில் ஒரே காலத்தில் இருந்தோம் என்பது போதாது. அவர் உங்கள் வேலையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்த நம் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். குடும்பத்தார் பெரும் முயற்சி செய்து, அரசியலில் பெயர் பெற்ற ஒருவரிடம் கடிதத்திற்கு இசைவு பெற்றிருந்தார்கள். அந்தப் பெரியவர் வாலிபரைக் கண்டது ஒரேயொரு தடவை, ஒரு வலீமா விருந்தில். உங்கள் வேலையை நாள்தோறும் பார்ப்பவர் யார் என்று கேட்டோம். குழுத் தலைவர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் தம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர், பெண்மணி, பதவியும் பெரிதில்லை என்று தயங்கினார். மென்பொருள் ஒன்று இரவில் செயலிழந்து, வாடிக்கையாளர் மறுநாள் காலைக்குள் சரிசெய்யச் சொன்னபோது இருவரும் தத்தம் இல்லங்களிலிருந்து விடிய விடியத் தொலைபேசியில் இணைந்து வேலை பார்த்ததைப் பேச்சினிடையே சொன்னார். அந்த இரவைக் கண்டவர்தாமே எழுத வேண்டும்? அவரே எழுதினார். என்ன எழுதினார் என்பது வாலிபருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விண்ணப்பித்த மூன்று பள்ளிகளில் ஒன்றில் இடம் கிடைத்தது. கடிதத்தால்தான் கிடைத்தது என்று நாம் சொல்ல மாட்டோம்; மற்ற இரண்டு பள்ளிகளும் இதே கடிதத்தைத்தான் படித்தன.

தெரியாது என்று சொன்னோமே, அது தற்செயலன்று. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் சட்டமொன்று, மாணவர் தம் கல்விக் கோப்பைப் பார்க்கும் உரிமையை அளிக்கிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதே வழக்கம். தாம் எழுதுவதை விண்ணப்பதாரர் படிக்கமாட்டார் என்று தெரிந்தால்தான் எழுதுபவர் மனம் திறந்து எழுதுவார். கடிதம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. நீங்கள் அவருடைய மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்வீர்கள். பள்ளி அவருக்கு இணைப்பை அனுப்பும். அவர் நேராகப் பள்ளிக்கே பதில் அனுப்புவார். நிறுவனத்தின் முகவரியே சிறந்தது.

இப்போது நம் ஜமாஅத்துக்கு மிக நெருக்கமான ஒரு சிக்கலுக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலர் வேலைக்குப் போனவர்களல்லர். வாப்பாவின் கடையிலோ, தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ, ஏற்றுமதி நிறுவனத்திலோ இருப்பவர்கள். அவர்களுக்கு மேலதிகாரி யார்? வாப்பா. அவருக்கு மேல்? பெரிய வாப்பா. குடும்பத்தார் எழுதும் பரிந்துரையை இப்பள்ளிகள் விரும்புவதில்லை. நம்மவர்களில் சிலர் இதற்கொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பாவின் பெயர் ஒன்று, மாமாவின் பெயர் வேறொன்று. மாமா 'நிர்வாக இயக்குநர்' என்று கையெழுத்திட்டால், அமெரிக்காவில் இருப்பவனுக்கு உறவு எப்படித் தெரியும்?

அவனுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் படிவத்தில் உங்களுக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறார்கள். மாமா என்பதை மறைத்து, மேலதிகாரி என்று மட்டும் எழுதினால் அது மறைக்கப்பட்ட சாட்சியம். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் கேட்பவரை ஏமாற்றும் சாட்சியம். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயரை மறைத்துச் சொல்வதை 'தத்லீஸ்' என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் எவ்வளவு கடிந்தார்கள் என்பதை ஆலிம்கள் அறிவார்கள். இன்னொன்றும் உண்டு. இடம் கிடைத்த பிறகு, சரிபார்ப்பு நிறுவனங்களைக் கொண்டு பரிந்துரைத்தவரையும் பணிபுரிந்த இடத்தையும் விசாரிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி, விசா எடுத்து, ஊரார் வந்து வாழ்த்திய பிறகு இடம் பறிபோனால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன?

குடும்பத் தொழிலில் இருப்பவருக்குப் பரிந்துரைக்க ஆள் இல்லை என்பது உண்மையன்று. தோல் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து வரும் கொள்முதல் முகவர், அனுப்பிய சரக்கின் நிறம் மாதிரியோடு பொருந்தவில்லை என்று திருப்பியபோது, அவரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தவர் உங்கள் மகனாக இருக்கலாம். பதனிடும் ரசாயனம் விற்கும் நிறுவனத்தின் அதிகாரி, உங்கள் மகன் கணக்கைக் கையிலெடுத்த பிறகு பாக்கி எவ்வாறு ஒழுங்குபட்டது என்று அறிவார். ஆடிட்டர் அறிவார். வங்கி மேலாளர் அறிவார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பல தொழிற்சாலைகள் சேர்ந்து நடத்தும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அதன் கூட்டங்களில் உங்கள் தொழிற்சாலையின் சார்பில் மகன் கலந்துகொண்டிருந்தால், போட்டியாளர்களோடு ஒரே மேசையில் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதை அங்குள்ள பொறுப்பாளர் சொல்லக்கூடும். இவர்களெல்லாம் உமர் (ரலி) அவர்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு உரியவர்கள், கொடுத்து வாங்கியவர்கள். வாப்பா எழுதும் பத்துப் பக்கத்தைவிட, ஒருமுறை சரக்கைத் திருப்பியனுப்பிய வாடிக்கையாளரின் ஒரு பக்கம் கனமானது.

வேலையில் இருப்பவர்களுக்கு வேறொரு அச்சம். படிக்கப் போகிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னால் பதவி உயர்வு நின்றுவிடுமே, வேலையே போய்விடுமே என்பது. வீண் அச்சமென்று தள்ளிவிட முடியாது. அப்படிப்பட்டவர்கள் முன்பிருந்த மேலதிகாரியிடமோ, நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட மேலதிகாரியிடமோ, தம் வேலையை நேரில் கண்ட வாடிக்கையாளரிடமோ கேட்கலாம். தற்போதைய மேலதிகாரியை ஏன் கேட்கவில்லை என்பதை விண்ணப்பத்தில் அதற்கென விடப்பட்ட இடத்தில் இரண்டு வரிகளில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், படிப்பவர் தாமாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்.

பேராசிரியர்? கல்லூரியை விட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆனவருக்கு அவர் சொல்வது பழைய கதை. சில பள்ளிகள் இரண்டாவது பரிந்துரையை அலுவலகத்திற்கு வெளியே பொதுப்பணியில் உங்களை மேற்பார்த்தவரிடமிருந்து ஏற்றுக்கொள்கின்றன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நம் வாலிபர்கள் பலர் உணவுப் பொட்டலங்களோடு இடுப்பளவு நீரில் இறங்கினார்கள். அந்தப் பணியைப் பிரித்துக்கொடுத்து, கணக்குக் கேட்டு, தவறியபோது கண்டித்த பொறுப்பாளர் எவரோ அவர் எழுதலாம். ஜமாஅத்தின் தலைவர் என்பதால் தலைவர் எழுதக் கூடாது. அவர்தாம் மேற்பார்த்தார் என்றால் எழுதட்டும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய நோய். தக்க ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால், அவர் சொல்கிறார்: "தம்பி, எனக்கு நேரமில்லை. நீயே எழுதிக்கொண்டு வா, அனுப்பிவிடுகிறேன்." நம் நாட்டில் இது அன்பின் அடையாளமாகவே கருதப்படுகிறது. பிள்ளையும் மகிழ்ந்து, தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்கிறது. இப்போது கணினியில் செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அதுவே எழுதித் தருகிறதாம்.

இது கூடாது. கடிதத்தின் எந்தப் பகுதியையும் விண்ணப்பதாரர் எழுதக் கூடாது, பரிந்துரைப்பவரே கேட்டுக்கொண்டாலும் கூடாது என்று ஸ்டான்ஃபோர்ட் போன்ற பள்ளிகள் வெளிப்படையாகவே விதித்திருக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அதன் நிலை மாறாது. ஒருவர் கண்டதாகச் சொல்லும் சாட்சியத்தை, யாருக்காகச் சாட்சி சொல்லப்படுகிறதோ அவரே எழுதி, கண்டவர் படிக்காமல் கையெழுத்திடுகிறார். இதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று நாம் சொல்லத் தேவையில்லை. பலன் என்ற வகையில் பார்த்தாலும் நஷ்டமே. இரண்டு கடிதங்களையும் கட்டுரையையும் ஒரே கை எழுதினால் ஒரே நடை, ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆயிரக்கணக்கில் படிப்பவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

மேலதிகாரியை மறுப்பது மரியாதைக் குறைவாகாதா? மறுக்கும் விதத்தில் இருக்கிறது. "ஐயா, பள்ளியின் விதி என்னை எழுத அனுமதிப்பதில்லை. ஆனால் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்த நான் செய்த வேலைகளின் குறிப்பைத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்தில், எந்த மாதத்தில் எந்த வேலை, அதில் என்ன சிக்கல், முடிவு என்ன என்று நினைவூட்டுங்கள். உங்கள் பயோடேட்டாவையும், ஏன் இந்தப் படிப்பு என்பதையும் கொடுங்கள். நினைவூட்டுவதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் இடையே உள்ள கோட்டைப் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள். அப்போதும் அவர் எழுத மாட்டேன் என்றால், அவர் உங்களுக்காக அரை நாள் செலவிட விரும்பவில்லை என்பது வெளிப்பட்டுவிட்டது. வேறொருவரைத் தேடுங்கள்.

பரிந்துரை எழுதும் நிலையில் இருக்கும் பெரியவர்கள் இந்தச் சபையில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். தொழில் நடத்துகிறீர்கள்; வளைகுடா நாடுகளில் மேலாளர்களாக இருந்து திரும்பியிருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வியை நினைவில் வையுங்கள்: என்ன திருத்தம் சொன்னீர்கள்? நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கண்டதும், குறை ஒன்றும் இல்லை என்று எழுதுகிறார்கள். அல்லது, அளவுக்கு மீறி உழைக்கிறார், அதுவே குறை என்று எழுதுகிறார்கள். பிள்ளையின் குறையைச் சொன்னால் புறம் பேசியதாகிவிடுமோ என்றும் சிலர் நம்மிடம் கேட்டார்கள்.

ஆகாது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணும்போது, ஆலோசனை கேட்கப்பட்ட இடத்தையும் அதில் சேர்த்தார்கள். இங்கோ பிள்ளையே கேட்டுக்கொண்டு, பள்ளியும் வினவுகிறது. கேட்கப்பட்டதற்கு அளவோடு பதில் சொல்லுங்கள். கூட்டத்தில் மற்றவர்களைப் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருந்தார். தனியே அழைத்துச் சொன்னேன். அடுத்த மாதக் கூட்டத்தில் இளையவர் ஒருவரைப் பேசச் சொல்லிக் காத்திருந்தார் என்று நீங்கள் எழுதினால், அது பிள்ளையை வீழ்த்தாது. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட மனிதரை அது காட்டும்.

மதிப்பீட்டு அட்டவணையும் அப்படியே. அதில் ஒவ்வொரு பண்புக்கும் தரவரிசை கேட்பார்கள். எல்லாக் கட்டங்களிலும் மிக உயர்ந்ததையே குறிப்பது அன்பென்று எண்ணாதீர்கள். ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 'தக்ரீபுத் தஹ்தீப்' என்ற நூலில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு தரங்களாக வகுத்தார்கள். எல்லோரையும் ஒரே சொல்லால் நம்பகமானவர் என்று எழுதியிருந்தால், அந்த நூலை யார் புரட்டுவார்கள்? நீங்கள் ஓரிடத்தில் குறைத்துக் குறித்ததால்தான் மற்ற இடத்தில் உயர்த்திக் குறித்ததை நம்புவார்கள்.

நல்லதாக எழுத முடியாது என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள். முகத்துக்காக ஒப்புக்கொண்டு, கடைசி நாளில் நான்கு வரிகள் அனுப்புவதைவிட அது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உபகாரம். பிள்ளைகளும் கேட்கும்போது, "எனக்காக எழுதுவீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள்; "என் வேலையைப் பற்றி உறுதியாக எழுதும் அளவுக்கு என்னை அறிவீர்களா" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

காலம் குறித்துச் சுருக்கமாக. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. உங்கள் விண்ணப்பத்துக்கு உரிய கெடுவே பொதுவாகப் பரிந்துரைக்கும் கெடு. ஆகவே கேட்பது குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பாக இருக்கட்டும். ஒருவரிடம் எத்தனை பள்ளிகளுக்குக் கேட்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று பள்ளி என்று சொல்லிவிட்டு ஏழு இணைப்புகளை அனுப்பினால் அந்த மனிதர் என்ன செய்வார்? முடிவு எதுவானாலும் அவரிடம் நேரில் சென்று தெரிவியுங்கள்.

இவ்வாண்டு விண்ணப்பிக்க இருப்பவர்கள், தம் வேலையை நேரில் கண்ட நான்கைந்து பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவர் என்ன கண்டார் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அறைக்கு வரலாம். யாரைக் கேட்பது என்று சேர்ந்து பார்ப்போம். பெண் பிள்ளைகள் தம் பெற்றோருடன் வரட்டும். அந்தத் தாளில் நம் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.